எழுத்தாளரைக் கைகாட்டுவது எப்படி: நருட்டோ ரசிகர் புனைவுக்கு ஓர் ஆற்றுப்படை

"நருட்டோ பார்த்து முடிச்சுட்டேன். இன்னும் மனசு அடங்கல. ஃபேன்ஃபிக் ஏதாவது சொல்லேன்" என்று தோழி ஒருத்தி கேட்டாள். வந்த உற்சாகத்தில் அன்றிரவே உட்கார்ந்து அறுபது சுட்டிகளைத் திரட்டி அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்து விசாரித்தால், ஒன்றைக்கூட அவள் படித்திருக்கவில்லை. "எதுல ஆரம்பிக்கிறதுன்னே தெரியலடி" என்றாள். தப்பு என்மேல்தான். பசித்து வந்தவள் முன்னால் நெல் மூட்டையை இறக்கிவிட்டுப் போயிருக்கிறேன்.

சங்ககாலப் பாணர்களுக்கு இந்த வித்தை கைவந்திருந்தது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வாடிய முகத்தோடு வரும் இன்னொரு பாணனிடம் வள்ளலின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்வதில்லை. எந்த வழியே போக வேண்டும், எங்கே வழுக்கும், இரவு எங்கே தங்கலாம், போய்ச் சேர்ந்தால் அங்கே எப்படி வரவேற்பார்கள் என்று எல்லாம் சொல்வான். ஆற்றுப்படை என்று அதற்கொரு இலக்கிய வகையே உண்டு. நான் அனுப்பியதில் பெயர்கள் இருந்தன, வழி இல்லை.

நீண்ட காலம் ஓடிய ஒரு அனிமேயின், அதாவது ஜப்பானிய அசைபடத் தொடரின், ரசிகர் புனைவில் நல்ல எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்து மற்றவர்களுக்குச் சொல்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. எனக்குப் பழக்கமானது நருட்டோ என்பதால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் அதிலிருந்தே வரும். வேறு தொடரின் ரசிகர்கள் பெயர்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கதையின் பெரிய ரகசியங்களைத் தொட்டுப் பேசாமல் இதை எழுத முடியாது. ஆகவே இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். எழுத்தாளர்களின் புனைபெயர்கள் எதையும் இங்கே தரவில்லை. தேடும் முறை கைவந்துவிட்டால் பெயர்கள் தாமாகவே கிடைக்கும்.

கதையை விட்டுவிட்டு எழுத்தாளரை ஏன் சொல்ல வேண்டும்?

இதன் மூலமான மசாஷி கிஷிமோட்டோவின் மாங்கா, அதாவது படக்கதை, 1999இல் தொடங்கி 2014 நவம்பரில் 700ஆவது அத்தியாயத்தோடு முடிந்தது. அனிமே 2002இலிருந்து 2017 வரை ஓடியது. முதல் தொடரில் 220 பகுதிகள், அதன் தொடர்ச்சியான ஷிப்புடெனில் 500. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதை வைத்து ரசிகர்கள் எழுதிக் குவித்திருக்கும் கதைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. இத்தனைக்கு நடுவில் ஒரு கதையைச் சொன்னால், படிப்பவர் அதை முடித்துவிட்டு மறுபடி உங்களிடமே வந்து நிற்பார். ஓர் எழுத்தாளரைச் சொன்னால் அவருக்கு ஆறு மாதத்துக்குப் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியில் படிக்கும்போது நருட்டோ எழுதத் தொடங்கியவர்கள் சிலர் இன்றும் அதையே எழுதுகிறார்கள். நருட்டோவின் தோழனும் போட்டியாளனுமான சாசுகேயை ஒருவர் பதினைந்து வயதில் எழுதியதையும் முப்பது வயதில் எழுதியதையும் அடுத்தடுத்துப் படிப்பது தனி அனுபவம். பழைய கதையில் அவன் கோபக்காரன், புதியதில் களைத்துப்போனவன். தனித்தனிக் கதையாகச் சொன்னால் இந்த வளர்ச்சி கண்ணில் படாது.

முதல் வேலை: காலக்கோட்டைப் பிடியுங்கள்

எழுத்தாளரின் நடை, திறமை எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் எப்போது எழுதினார் என்று தெரிந்தாக வேண்டும். மாங்கா வாராவாரம் வந்துகொண்டிருந்தபோதே அதன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய கதைகள் ஏராளம். அடுத்த வாரம் என்ன வரும் என்று எழுதியவருக்கே தெரியாது. பாதிக் கதை வந்திருக்கும்போது மூலக்கதை அவருடைய அடித்தளத்தையே உருவிக்கொண்டு போன சம்பவங்கள் எத்தனையோ.

மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் நருட்டோ கதைகளின் வயதை ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடலாம்.

2007. நருட்டோவின் பெற்றோர் மினாடோவும் குஷினாவும் என்பது ஜிராயாவும் ட்சுனாடேயும் பேசிக்கொள்ளும்போது தெரியவந்தது அப்போதுதான். ஊர்த்தலைவராக இருந்த நான்காம் ஹோகாகேதான் அப்பா என்று முகச்சாயலை வைத்து ரசிகர்கள் முன்பே ஊகித்திருந்தார்கள். அம்மா யார் என்பதுதான் முழு இருட்டு. அதற்கு முந்தைய கதைகளில் ஆளுக்கொரு அம்மாவைப் படைத்திருப்பார்கள். வேற்று நாட்டு இளவரசி, இறந்துபோன மருத்துவச்சி, பெயரில்லாத உளவாளி. குஷினா தன் கதையைத் தானே மகனிடம் சொல்வது 2010இல். எனக்கென்னவோ அந்தப் பழைய அம்மாக்களில் சிலரை இன்னும் மறக்க முடியவில்லை.

2008. சாசுகேயின் அண்ணன் இடாச்சி ஏன் தன் குலத்தையே கொன்றான் என்ற உண்மை சாசுகேவுக்குச் சொல்லப்பட்டது இந்த ஆண்டில். அதற்கு முந்தைய கதைகளில் இடாச்சி ஈரமற்ற கொலைகாரன். அதற்குப் பிந்தையவற்றில் தியாகி, நோயாளி, பாசமுள்ள அண்ணன்.

2012. முகமூடிக்காரன் டோபி வேறு யாருமல்ல, செத்துவிட்டதாக நருட்டோவின் ஆசான் ககாஷி நினைத்திருந்த தோழன் ஓபிடோதான் என்று வெளியானது. அதற்கு முந்தைய கதைகளில் ஓபிடோ நினைவுக்கல்லில் பெயர் செதுக்கப்பட்ட வீரன் மட்டுமே. ககாஷியின் துக்கம் கறைபடாத துக்கம். அந்தக் காலத்து ககாஷி கதைகளை இன்று படித்தால், எழுதியவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருப்பதாலேயே கூடுதலாக வலிக்கும்.

புதிதாக வருபவர் 2005இல் எழுதிய கதையைத் திறந்து, இடாச்சியைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்குக் கதையே தெரியல" என்று மூடிவிடுவார். நீங்கள் குறிப்பில் "இடாச்சியின் ரகசியம் வெளிவருவதற்கு முன் எழுதியது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அதே கதையை வேறு கண்ணோடு படிப்பார்.

2014க்குப் பிறகு இன்னொரு மாற்றம். யார் யாரை மணந்தார்கள் என்பது அச்சிலேயே வந்துவிட்டது: நருட்டோவுக்கு ஹினாடா, சாசுகேவுக்கு சகுரா. அதற்கு முன்னால் வேறு ஜோடியை எழுதியவர் ஊகித்தார். அதற்குப் பின்னால் எழுதியவர் தெரிந்தே மறுத்தார். இரண்டும் ஒரே ஷிப்பாக, அதாவது ஒரே காதல் ஜோடியாக, இருந்தாலும் கதையின் தொனி வேறு. முன்னதில் நம்பிக்கை இருக்கும், பின்னதில் பிடிவாதம்.

தேதியைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ரசிகர் கதைகளுக்கான ஃபேன்ஃபிக்ஷன்.நெட் தளம் 1998இலிருந்தே இருக்கிறது. அதே போன்ற இன்னொரு தளமான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், அதாவது எல்லோரும் ஏஓ3 என்று சொல்வது, பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2009 நவம்பரில்தான். பழையவர்கள் பலர் தங்கள் கதைகளைப் பிற்பாடு அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். சிலர் பழைய தேதியையே போட்டார்கள், சிலர் போடவில்லை. 2016 என்று போட்டிருக்கும் கதை உண்மையில் 2004இல் எழுதியதாக இருக்கலாம். எழுத்தாளரின் முன்குறிப்பைப் படித்தால் தெரிந்துவிடும்.

எங்கே தேடுவது

ஏஓ3இல் எல்லோரும் செய்வது குடோஸ் என்னும் பாராட்டுக்குறிகளின் எண்ணிக்கையில் வரிசைப்படுத்தி முதல் பக்கத்தைப் படிப்பது. அதனால்தான் எல்லோருடைய பரிந்துரைப் பட்டியலும் ஒரே மாதிரி இருக்கிறது. குடோஸ் ஒருவர் ஒரு கதைக்கு ஒருமுறைதான் தர முடியும். ஆகவே அந்த எண் எத்தனை பேர் வந்துபோனார்கள் என்பதைச் சொல்லும், எவ்வளவு ஆழமாகப் பிடித்தது என்பதைச் சொல்லாது. பத்தாண்டுகளாக இருக்கும் கதைக்கும், பிரபலமான ஜோடியைப் பற்றிய கதைக்கும் அந்த வரிசையில் எப்போதும் முன்னிடம். துணைப் பாத்திரமான டென்டென்னைப் பற்றி அருமையாக எழுதியவர் நாற்பதாவது பக்கத்தில் கிடப்பார்.

நான் செய்வது வேறு. என்னை உலுக்கிய ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்வேன். அதை எழுதியவர் யாரைப் படிக்கிறார் என்று பார்ப்பேன். ஃபேன்ஃபிக்ஷன்.நெட்டில் ஒவ்வொருவர் பக்கத்திலும் அவருக்குப் பிடித்த கதைகள், பிடித்த எழுத்தாளர்கள் என்று தனித்தனிப் பட்டியல் இருக்கும். இப்படி மூன்று எழுத்தாளர்களின் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலாவது வரும் பெயரைக் குறித்துக்கொள்வேன். நல்ல சமையல்காரர் எங்கே சாப்பிடுகிறார் என்று பார்ப்பது போலத்தான். இந்த வழியில் கிடைத்தவர்களில் என்னை ஏமாற்றியவர்கள் குறைவு.

ஏஓ3இல் இதே வேலையைப் புக்மார்க்குகள் செய்யும். புக்மார்க் போடும்போது அதைப் பரிந்துரை என்று குறிக்க ஒரு வசதி உண்டு, கூடவே குறிப்பும் எழுதலாம். புக்மார்க் தேடலில் பரிந்துரைகளை மட்டும், குறிப்புள்ளவற்றை மட்டும் என்று வடிகட்டிப் பாருங்கள். "அத்தியாயம் 9இல் இருகா பேசும் இடம்" என்று மட்டும் ஒரு குறிப்பு இருந்தால், எழுதியவர் தேர்ந்த வாசகர். அவருடைய மற்ற புக்மார்க்குகளையும் போய்ப் பாருங்கள்.

வடிகட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக: முடிந்த கதைகள் மட்டும், 5,000 முதல் 20,000 சொற்கள், வேறு தொடர்களோடு கலந்த கதைகளை விலக்கி, ஓர் ஆண்டை மட்டும் தேர்ந்துகொண்டு தேடுங்கள். ஆண்டை மாற்றி மாற்றித் தேடினால் ஒவ்வொரு காலகட்டத்திலும் யார் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று பிடிபடும். துணைக் கதாபாத்திரங்களின் டேகுகளில் நுழைவது இன்னொரு குறுக்கு வழி. ஷிசுனேயைப் பற்றி ஒருவர் 15,000 சொற்கள் எழுதியிருக்கிறார் என்றால் கைதட்டலுக்காக எழுதியிருக்க மாட்டார். ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்தவர்களுக்கு பிக்சிவ் தளம் தனி உலகம். அங்கே ஓவியங்களோடு நாவல்களும் உண்டு.

மூன்று கதை படிக்காமல் வாயைத் திறக்காதீர்கள்

ஒரே கதையை வைத்து ஒருவரைப் பரிந்துரைத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒன்று மட்டும் அற்புதம். மற்றவை எல்லாம் ஒரே அச்சு. அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு சிறுகதை, ஒரு நீண்ட தொடர், அவர் வழக்கமாக எழுதுவதிலிருந்து விலகிய ஒன்று. மூன்றையும் படித்த பிறகே பெயரைச் சொல்வேன். மூன்றாவதுதான் முக்கியம். போர்க்களம் எழுதுபவர் ஒரு சிரிப்புக் கதையை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்த்தால் அவர் கைவரிசை தெரிந்துவிடும்.

படிக்கும்போது எதைக் கவனிப்பது? எழுத்துப் பிழையை அல்ல. பிழையில்லாமல் சப்பென்று எழுதுபவர்களும் உண்டு, பிழையோடு உயிர்ப்பாக எழுதுபவர்களும் உண்டு. நான் பார்ப்பவை இவை.

பேச்சு. பெயர்களை எல்லாம் மறைத்துவிட்டு உரையாடலை மட்டும் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரிகிறதா? ஷிகாமாருவின் அலுப்பும் நருட்டோவின் படபடப்பும் வேறுவேறாகக் கேட்க வேண்டும். 2000களின் கதைகளில் வரிக்கு வரி ஜப்பானியச் சொற்களைத் தூவுவது பெரிய மோகம். அதை ஒரு காலத்து உடையலங்காரம் என்று எடுத்துக்கொண்டு மன்னித்துவிடலாம். அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் பாத்திரமே காணாமல் போகிறது என்றால்தான் சிக்கல்.

பிடிக்காத பாத்திரத்தை எப்படி நடத்துகிறார். இதுதான் என் உரைகல். நருட்டோ ரசிகர் புனைவில் சகுராவைப் போட்டு மிதிப்பது பல காலம் ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. அவளை முட்டாளாக்கினால்தான் கதாநாயகன் உயர்வான் என்று எழுதுபவருக்கு வேறு யாரையும் முழு மனிதராக எழுத வராது. மாறாக, டான்சோவைப் போன்ற ஆளுக்குக்கூட அவன் பக்கத்து நியாயத்தை ஒரு பத்தியாவது கொடுப்பவர் தேர்ந்த கை.

மூலக்கதையையும் ரசிகர் மரபையும் பிரித்தறிகிறாரா. ஊர்மக்கள் பிரதிநிதிகள் அடங்கிய ஒரு சபை நருட்டோவின் ஊரான கோனோஹாவில் உட்கார்ந்துகொண்டு நருட்டோவைக் கொடுமைப்படுத்துவதாக நூற்றுக்கணக்கான கதைகளில் வரும். மூலக்கதையில் அப்படியொரு சபை இல்லை. ஹோமுரா, கோஹாரு, டான்சோ என்று மூத்தவர்கள்தான் உண்டு. யாரோ ஒருவர் எழுத, அடுத்தவர் எடுத்துக்கொள்ள, நாளடைவில் அது உண்மை போலவே ஆகிவிட்டது. இதை ஃபேனான் என்கிறார்கள். ஃபேனானைப் பயன்படுத்துவது குற்றமில்லை. அது ஃபேனான் என்று தெரிந்து பயன்படுத்துபவருக்கும், கேள்விப்பட்டதை அப்படியே எழுதுபவருக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

விளைவு. காலத்தில் பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் சரிசெய்யும் கதைகள் இந்த ரசிகர் கூட்டத்தின் செல்லப் பிள்ளைகள். எனக்கும் பிடிக்கும். ஒன்றைச் சரிசெய்தால் வேறொன்று உடைகிறதா என்று மட்டும் பார்ப்பேன். போரைக் கண்ட மனிதன் பன்னிரண்டு வயது உடலில் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் இருகா வருகைப்பதிவு எடுக்கிறார். அந்தச் சாதாரணக் காட்சியில் அவன் கை நடுங்குகிறதா, இல்லை உடனே எழுந்து எல்லோரையும் வென்றுவிடுகிறானா? அங்கேயே எழுத்தாளர் யாரென்று தெரிந்துபோகும்.

நுழைவாயிலைத் தேர்ந்தெடுப்பது

எழுத்தாளரின் மிகச் சிறந்த கதை பெரும்பாலும் நல்ல நுழைவாயில் அல்ல. மிகச் சிறந்தது மூன்று லட்சம் சொற்களில் இருக்கும், பாதிக்கு மேல்தான் பிடிப்பு வரும். முதல் கதை ஒரே உட்காரலில் முடிய வேண்டும், ஏறக்குறைய 10,000 சொற்களுக்குள். அவருடைய குரல் அதில் தெளிவாகக் கேட்க வேண்டும், முடிந்திருக்கவும் வேண்டும். அதற்கு அடுத்து எது என்று இரண்டாவது படியையும் சொல்லிவிடுங்கள். மூன்றாவதைச் சொல்லத் தேவையில்லை. அதுவரை வந்தவர் தானே போய்க்கொள்வார்.

முடியாத கதைகளைப் பற்றிப் பலருக்கும் தயக்கம். பாதியில் நின்ற தொடரைப் பரிந்துரைக்கலாமா? தாராளமாக. எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சில கதைகள் ஒரு பகுதியின் முடிவில் அழகாக நின்றுவிடும், அதுவே போதும் என்று தோன்றும். சில, கத்தி கழுத்தில் இருக்கும்போது நின்றுபோயிருக்கும். இரண்டாவது வகைக்கு எச்சரிக்கை இல்லாமல் ஆளை அனுப்பினால் உங்கள் நட்பே சந்தேகத்துக்குள்ளாகும்.

கேட்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது

மூன்றே கேள்விகள் போதும். எதுவரை பார்த்திருக்கிறீர்கள், அனிமேயா மாங்காவா? தொடரில் எந்த இடத்தில் கோபம் வந்தது? இப்போது எதைத் தாங்க முடியாது?

முதல் கேள்வி ஸ்பாய்லருக்காக. அனிமே மட்டும் பார்த்தவர், மாங்காவில் இல்லாத ஃபில்லர் சம்பவங்களையும் கதையாகவே நினைத்திருப்பார், மாங்கா மட்டும் படித்தவருக்கு அவை புரியாது. இரண்டாவது கேள்விதான் தங்கம். ரசிகர் புனைவைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு மனக்குறையோடு வருகிறார்கள். "டென்டென்னுக்கு ஒண்ணுமே குடுக்கலயே" என்பவருக்கும் "இடாச்சி வாழ்ந்திருக்கலாம்" என்பவருக்கும் நீங்கள் காட்டும் வாசல் வேறு. மூன்றாவதை மெதுவாகக் கேளுங்கள். சமீபத்தில் ஒரு சாவைக் கண்டவரிடம் போர்க்காலக் கதையைக் கொடுக்கக் கூடாது என்பது கேட்டால்தான் தெரியும்.

குறிப்பை எழுதுவது

"செம எழுத்து, அழுதுட்டேன், கண்டிப்பா படிங்க." இதில் எழுத்தாளரைப் பற்றி ஒன்றுமே இல்லை, நீங்கள் அழுதீர்கள் என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. கதைச்சுருக்கத்தை முழுக்க ஒப்பிப்பது இதற்கு நேர்மாறான தவறு. ஒரு மாதிரியைத் தருகிறேன், கற்பனைதான்:

"இவர் எழுதுவது போருக்குப் பிந்தைய கோனோஹாவை. சண்டை அபூர்வம். மருத்துவமனை வராந்தா, மறுகட்டுமானக் கணக்கு, தூக்கம் வராத ககாஷி, இப்படித்தான் இருக்கும். சகுராவை இவ்வளவு மரியாதையோடு எழுதுபவர்கள் குறைவு. மெதுவாக நகரும். முதல் இரண்டு அத்தியாயங்களில் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொடங்க வேண்டியது, இருகா பள்ளியைத் திரும்பத் திறக்கும் ஒன்ஷாட் (ஒரே அத்தியாயக் கதை), 6,000 சொற்கள். பிடித்தால் அடுத்து அந்த நீண்ட தொடர். அது பாதியில் நிற்கிறது, ஆனால் நிற்கும் இடம் ஒரு முடிவு போலவே இருக்கும். ஷிப் அநேகமாக இல்லை. தற்கொலை எண்ணம் பற்றிய பேச்சு தொடரில் வருகிறது. மூலக்கதை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். சிரிக்க வேண்டுமென்றால் இவரிடம் போகாதீர்கள்."

கடைசி வரியைக் கவனியுங்கள். யாருக்கு ஒத்துவராது என்று சொல்லும்போதுதான், மற்றதெல்லாம் வெறும் புகழ்ச்சி இல்லை என்ற நம்பிக்கை படிப்பவருக்கு வருகிறது. எழுத்தாளரைக் குறைசொல்வதாகவும் அது இல்லை. குறையைச் சொல்வதானால் நடையைப் பற்றியதாக வைத்துக்கொள்ளுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம்.

வழியில் எது வழுக்கும்

ஏஓ3இல் ஒவ்வொரு கதைக்கும் ரேட்டிங்கும் முக்கிய எச்சரிக்கைகளும் இருக்கும்: கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வன்முறை, வயது வராதோர் சம்பந்தப்பட்ட பாலியல் உள்ளடக்கம். இவற்றோடு, எழுத்தாளர் எச்சரிக்கை எதையும் குறிப்பிட விரும்பவில்லை என்ற ஒரு தெரிவும் உண்டு. புதியவர்கள் அதை "ஆபத்து ஒன்றும் இல்லை" என்று படித்துவிடுகிறார்கள். அது அப்படியல்ல. எதுவும் இருக்கலாம், உங்கள் பொறுப்பில் உள்ளே வாருங்கள் என்று பொருள். எச்சரிக்கை எதுவும் பொருந்தாது என்பது வேறொரு தெரிவு.

ஃபேன்ஃபிக்ஷன்.நெட்டில் கே, கே பிளஸ், டி, எம் என்ற ரேட்டிங்கைத் தவிர இப்படிப்பட்ட எச்சரிக்கைகள் இல்லை. அங்கிருந்து ஒரு கதையைச் சொல்லும்போது எச்சரிக்கை முழுக்க உங்கள் தலையில்தான். நருட்டோவும் நண்பர்களும் கதை தொடங்கும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்பதை மறக்க வேண்டாம். அவர்களைப் பெரியவர்களாக வளர்த்து எழுதியிருக்கிறாரா என்று பார்க்காமல் யாருக்கும் எதையும் அனுப்பாதீர்கள். கேட்பவரே பள்ளிப் பிள்ளை என்றால் ரேட்டிங்கை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

எழுத்தாளரின் வாசற்படி

சுட்டியைக் கொடுத்துப் பரிந்துரைக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் கதையை நகலெடுத்து வேறிடத்தில் போடுவது, மொழிபெயர்ப்பது, குரலில் பதிவு செய்வது எல்லாவற்றுக்கும் கேட்டாக வேண்டும். அச்சிட்டுக் கட்டி விலைக்கு விற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ரசிகர் புனைவு காசு வாங்காமல் எழுதப்படுவது, அந்த நிலையில்தான் அதன் பாதுகாப்பே இருக்கிறது. அச்சுப் புத்தகங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் இடங்களில் ரசிகர் கதைகளைச் சேர்ப்பதும் பல எழுத்தாளர்களுக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் விலை வைத்து விற்கவில்லையே, நாம் ஏன் மதிப்பெண் போட வேண்டும்?

சிலர் தம் கதைகளை உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும்படி பூட்டி வைத்திருப்பார்கள். அதன் படங்களை எடுத்து வெளியே பரப்பக் கூடாது. சிலர் கதையைத் தம் பெயரிலிருந்து கழற்றிவிட்டுப் போய்விடுவார்கள். ஏஓ3இல் அதை அநாதைக் கணக்கில் விடுவது என்பார்கள். அந்தக் கதையைப் பரிந்துரைக்கலாம், "இது இன்னார் எழுதியது" என்று சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்த இரண்டு புனைபெயர்கள் ஒரே ஆளுடையவை என்று நடையை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

பரிந்துரைத்த கையோடு அந்த எழுத்தாளருக்கு ஒரு கருத்தையும் எழுதிவிடுங்கள். பதினைந்து ஆண்டுப் பழைய கதையானாலும் பரவாயில்லை. "அடுத்த அத்தியாயம் எப்போது" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்று எழுதுங்கள்.

பட்டியலைப் பேணுவது

கதைகள் காணாமல் போகும். எழுத்தாளர் நீக்கிவிடுவார், கணக்கு மூடப்படும். ஏஓ3இல் மின்நூலாகத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. உங்களுக்காக ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்தாளர் எடுத்துவிட்டதை நீங்கள் மறுபடி பரப்பாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை சுட்டிகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். பத்துப் பேருக்கு மேல் பட்டியலை வளர்க்காதீர்கள். ஒருவரைச் சேர்த்தால் ஒருவரை எடுங்கள். எடுக்கும்போது வலித்தால், இருப்பவர்கள் எல்லோரும் சரியானவர்கள் என்று பொருள்.

அந்தத் தோழிக்கு இரண்டாம் முறை மூன்றே பேரை அனுப்பினேன், ஆளுக்கு எட்டு வரிக் குறிப்போடு. முதல் ஆளை நான்கு பக்கத்தில் விட்டுவிட்டாளாம். இரண்டாவது ஆளிடம் மூன்று இரவுகள் போயின. மூன்றாவது ஆளைப் பற்றி, "எனக்கு ஒத்துவரலடி, ரொம்ப அழவைக்கிறாரு" என்றாள். பத்து நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நான் கேள்விப்பட்டே இராத ஒரு புனைபெயர், ஒரு சுட்டி, கீழே நான்கு வரி. "இருகாவைப் பத்தி எழுதறவங்க. 2006, அதனால இடாச்சி கெட்டவன்தான், கண்டுக்காத. முதல் அத்தியாயத்துல எழுத்துப்பிழை நிறைய, பொறுத்துக்கோ. ரெண்டாவதுல மழை பெய்யற இடத்துக்கு வந்ததும் எனக்கு போன் பண்ணு."